நாடியும் பத்தியமும்: சங்கரன்கோவில் வட்டார வைத்திய மரபு

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோவிலில் புற்றுமண் பிரசாதம், அதுவே மருந்தும்கூட. நாகர்களில் சங்கன் சிவனையும் பதுமன் திருமாலையும் பெரிதென்று வாதிட, கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஓருருவில் காட்டச் செய்ததாகத் தலபுராணம் சொல்கிறது. அந்தக் காட்சிக்குரிய நாள்தான் ஆடித்தபசு. இரண்டு நாகர்களும் குடியிருந்த புற்று என்ற நம்பிக்கையில் அந்த மண்ணைத் தேமலுக்கும் சொறி சிரங்குக்கும் பூசுகிறார்கள், நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள், தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்களும் உண்டு. வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் கண்டவர்கள் வெள்ளியில் செய்த பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். அம்மன் சன்னதிக்கு முன்னால் உள்ள சக்கரக் குழியில் மனநலம் கெட்டவர்களை உட்காரவைக்கும் வழக்கமும் இங்கே பழையது.

புற்றுமண் எல்லோருக்கும் ஒன்றே. வந்தவருக்கு வாதமா பித்தமா என்று அது கேட்பதில்லை. அதே ஊரின் வைத்தியருக்கோ அதுதான் முதல் கேள்வி. கையைப் பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, கண்ணைக் கவனித்து, சிறுநீரின் நிறத்தை விசாரித்து, உடலில் எது மிஞ்சியிருக்கிறது என்று முடிவுகட்டிய பிறகே மருந்துப் பேச்சு. மருந்தோடு சேர்த்து, எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்ற பத்தியமும் வரும். குறி பார்ப்பதும் உணவைப் பிரிப்பதும் இந்த மரபில் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

சங்கரன்கோவில் வட்டாரம் மேற்குத்தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை குறைந்த சீமை. மானாவாரிக் காடுகளில் பருத்தியும் சோளமும் கம்பும் மிளகாயும் விளைந்த இடம். ஆடித்தபசு அன்று விவசாயிகள் பருத்தியையும் வத்தலையும் அம்மனை நோக்கி வீசுவது இந்த நிலத்தின் வழக்கம். மேற்கே குற்றாலம், தெற்கே பொதிகை என்று மூலிகை மலைகள் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கின்றன. சித்த மருத்துவத்தின் முதல் ஆசிரியராகச் சொல்லப்படும் அகத்தியரை மரபு பொதிகையில்தான் வைத்திருக்கிறது. பாம்பாட்டிச் சித்தர் அடங்கிய இடமாக மருதமலையும் விருத்தாசலமும் சொல்லப்படுகின்றன. சங்கரன்கோவிலும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சித்தருக்கு மூன்று சமாதி என்பதைப் பிழையாக எடுத்துக்கொள்வதைவிட, சித்தர் பெயரைத் தன் ஊரோடு முடிந்துகொள்வதில் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இருந்த ஆசையின் அடையாளமாக எடுத்துக்கொள்வதே சரி. நூல்களின் கதையும் அப்படித்தான். அகத்தியர், தேரையர், யூகி பெயரில் இன்று கிடைக்கும் வைத்தியப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் மொழி பிற்காலத்தது. சங்க காலத்துக்கு அவற்றைக் கொண்டுபோவது மொழி அறிந்தவர் செய்யும் காரியம் அல்ல.

ஆனால் அடிப்படைக் கருத்து பழையது. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. வளி முதலான மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்பதில் அது தொடங்குகிறது. அதன் பத்துக் குறளில் ஆறு சாப்பாட்டைப் பற்றியவை: முன் உண்டது செரித்த பிறகு உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், ஒவ்வாததை விலக்குதல், வயிற்றுத் தீயின் அளவைத் தாண்டாமல் உண்ணுதல். வைத்தியர் வருவது அதற்கப்புறம்தான். மருந்து என்று தலைப்பிட்டுவிட்டு ஒரு மருந்தின் பெயரையும் வள்ளுவர் சொல்லவில்லை.

மூன்று என்பவை வாதம், பித்தம், கபம். சித்த நூல்கள் வளி, அழல், ஐயம் என்றும் சொல்லும். கொப்பூழுக்குக் கீழே வாதம், நெஞ்சுவரை பித்தம், அதற்கு மேலே கபம் என்று உடலில் இவற்றுக்கு இடம் வகுத்திருப்பதில் சித்தமும் ஆயுர்வேதமும் ஒத்துப்போகின்றன. அதை வைத்து, சித்தம் என்பது ஆயுர்வேதத்தின் தமிழாக்கம்தான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. காலக்கணக்கைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஆயுர்வேதத்தில் குழந்தைப் பருவம் கபத்துக்கு உரியது, முதுமை வாதத்துக்கு உரியது. சித்தத்தில் வாழ்நாளின் முதல் மூன்றில் ஒரு பங்கு வாதம், நடுப்பங்கு பித்தம், கடைசிப்பங்கு கபம். ஒரு நாளின் பொழுதும் அப்படியே: காலை வாதம், உச்சி பித்தம், மாலை கபம். ஆயுர்வேதம் காலையைக் கபத்துக்குக் கொடுக்கிறது. வெறும் மொழிபெயர்ப்பில் இப்படித் தலைகீழாக வராது.

நோயை அறியும் வழிகளை எண்வகைத் தேர்வு என்பார்கள். நாடி, தொட்டறிதல், நாக்கு, நிறம், பேச்சு, விழி, மலம், மூத்திரம் என எட்டு. 17ஆம் நூற்றாண்டு வடமொழி நூலான யோகரத்னாகரத்திலும் இதையொத்த எட்டு உண்டு. எட்டில் முதலிடம் நாடிக்கு. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல்களைப் பதித்தால் ஆள்காட்டி விரலில் வாதமும் நடுவிரலில் பித்தமும் மோதிர விரலில் கபமும் தட்டும். நோயில்லாத உடம்பில் அவை ஒன்று, அரை, கால் என்ற மாத்திரை அளவில் இருக்கவேண்டும். இந்த விகிதம் கலைவதுதான் நோய். நடையை விளக்க நூல்கள் விலங்குகளைத் துணைக்கு அழைக்கின்றன: வாத நாடி அன்னம், கோழி, மயில் போல, பித்த நாடி ஆமை, அட்டை போல, கப நாடி தவளை, பாம்பு போல. ஆயுர்வேதத்தில் பாம்பு வாதத்துக்கும், தவளை பித்தத்துக்கும், அன்னம் கபத்துக்கும் போய்விடுகின்றன. ஒரே பாம்பு இரண்டு நூலில் இரண்டு நோயைக் காட்டுகிறது என்றால், இந்த உவமைகள் அளவுகோல் அல்ல. ஆசான் பக்கத்தில் உட்கார்ந்து, நூறு கைகளைத் தொட்டுப் பழகிய மாணவனுக்கு நினைவுபடுத்த வைத்த குறிப்புகள். ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு நாடி கற்றவர் எவரும் இல்லை.

நாடி பார்த்தல் இந்தியாவுக்கு எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஆயுர்வேதத்தின் மூலநூல்களான சரகமும் சுசுருதமும் நாடிப் பரிசோதனையை விவரிக்கவில்லை. வடமொழியில் அதை முறையாகச் சொல்லும் முதல் நூல்களில் ஒன்று சார்ங்கதர சம்ஹிதை. அதன் காலம் ஏறத்தாழ 13, 14ஆம் நூற்றாண்டு. சீனத்தில் வாங் ஷூஹே என்பவர் கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே நாடிக்கென்று தனி நூல் எழுதிவிட்டார். அங்கேயும் மணிக்கட்டில் மூன்று விரல்தான். ஆனால் மூன்று இடங்களையும் மேலோட்டமாகவும் அழுத்தியும் பார்த்து, இரண்டு கைகளிலும் சேர்த்துப் பன்னிரண்டு உள்ளுறுப்புகளை வாசிக்கிறார்கள். 1564இல் லீ ஷிழென் நாடி வகைகளை 27 என்று வரிசைப்படுத்தினார். சீனத்திலிருந்தோ யுனானி வழியாகவோ இந்தக் கலை இந்தியாவுக்கு வந்திருக்கலாம் என்பது சில ஆய்வாளர்களின் ஊகம். தமிழ் மரபும் போகர் என்ற சித்தரைச் சீனத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறது. சீனர் என்பாரும் உண்டு, இங்கிருந்து அங்கே போனவர் என்பாரும் உண்டு. இது புராணம்தான் என்றாலும் கடல்வழித் தொடர்பின் நிழல் அதில் இருப்பதை மறுக்கமுடியாது.

நாடியைவிடச் சித்தத்துக்குத் தனி அடையாளமாக நிற்பது நீர்க்குறியும் நெய்க்குறியும். இரண்டும் தேரையர் பெயரில் வழங்குபவை. முதல் நாள் அளவோடு சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவர் விடியலில் கழிக்கும் சிறுநீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடிக்கவேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்த்துவிடவேண்டும். நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்ற ஐந்தையும் கவனிப்பது நீர்க்குறி. பிறகு கிண்ணத்தை அசையாமல் வெயில் படும் இடத்தில் வைத்து, நல்லெண்ணெய் ஒரு சொட்டு விடுவது நெய்க்குறி. சொட்டு பாம்பு போல நீண்டால் வாதம், மோதிரம் போல வளையமானால் பித்தம், முத்துப் போல அப்படியே நின்றால் கபம். இரண்டு உருவம் கலந்து தோன்றினால் இரண்டும் சேர்ந்த தொந்தம். எண்ணெய் சட்டென்று சிதறினாலோ கீழே இறங்கினாலோ தீராத நோய் என்று கணக்கு. எண்ணெய் பரவுவது நீரின் மேற்பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. சிறுநீரில் கலந்திருக்கும் பொருள்கள் அந்த விசையை மாற்றும். ஆங்கில மருத்துவ ஆய்வகங்களிலும் கந்தகப் பொடியைச் சிறுநீரில் தூவி, அது மூழ்கினால் பித்த உப்பு இருக்கிறது என்று கண்ட ஒரு சோதனை வெகுநாள் வழக்கில் இருந்தது. ஆகவே எண்ணெய்ச் சொட்டில் ஏதோ ஒரு செய்தி இருக்கத்தான் செய்கிறது. அது வாத, பித்த, கபச் செய்திதான் என்பதற்கு மட்டும் நிறுவப்பட்ட ஆதாரம் இல்லை.

மணிக்கடை நூல் என்ற முறையும் உண்டு. மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கையைச் சுற்றி ஒரு நூலால் அளந்து, அதே ஆளின் விரற்கடையால் அந்த நூலை எண்ணுவார்கள். நான்கு முதல் பதினொன்று வரை, கால் கால் விரலாகக் கூடும் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நோய் சொல்லப்பட்டிருக்கிறது. ஊர்ப்புற வைத்தியரிடம் தராசு இல்லாத காலத்தில் உடல் இளைப்பையும் பருமனையும் கணிக்க உதவிய கருவி என்ற அளவில் இதற்கு மதிப்பு உண்டு. கால் விரல் கூடினால் வேறு நோய் என்பதை நம்புவது கடினம்.

குறி பார்த்து முடிந்ததும் உணவு வருகிறது. பொருள்களின் குணம் சொல்லும் குணபாட நூல்கள் ஒவ்வொரு பொருளையும் சுவை, குணம், வீரியம், பிரிவு, மகிமை என்ற ஐந்து நிலையில் பார்க்கின்றன. அறுசுவைக்கு அடியில் ஐம்பூதம். மண்ணும் நீரும் சேர்ந்தால் இனிப்பு, மண்ணும் தீயும் புளிப்பு, நீரும் தீயும் உப்பு, காற்றும் விண்ணும் கைப்பு, காற்றும் தீயும் கார்ப்பு, மண்ணும் காற்றும் துவர்ப்பு. வீரியம் இரண்டே: வெப்பம், தட்பம். செரித்த பிறகு ஆறு சுவையும் மூன்றாகச் சுருங்கும், அது பிரிவு. சுவையையும் வீரியத்தையும் வைத்து ஊகிக்கமுடியாத தனிக்குணம் மகிமை. வகைப்பாட்டுக்கு அடங்காத பொருள்கள் உண்டு என்று நூலே ஒத்துக்கொண்டு, அவற்றுக்கும் ஒரு பெயர் கொடுத்துவைத்திருப்பது இந்த அமைப்பின் சாமர்த்தியம். தேரையர் பெயரில் உள்ள பதார்த்த குண சிந்தாமணி தண்ணீரில் தொடங்கிப் பால், தானியம், கறி, காய், கீரை என்று இந்தக் கணக்கை அடுப்படி வரை கொண்டுவந்து சேர்க்கிறது. நிலத்துக்கும் அதில் குணம் உண்டு: மருதம் நோய் தீர்க்கும் நிலம், பாலை மூன்று குற்றத்தையும் கூட்டும் நிலம்.

சீன மரபும் உணவுக்குக் குளிர், தண்மை, வெதுவெதுப்பு, வெப்பம் என்று நான்கு இயல்பு கொடுக்கிறது. சுவை அங்கே ஐந்து. துவர்ப்புக்குத் தனியிடம் இல்லை. முதலில் உணவால் குணப்படுத்து, முடியாவிட்டால் மருந்துக்குப் போ என்று 7ஆம் நூற்றாண்டின் சூன் சிமியாவ் சொன்னது தேரையர் வழிக்காரருக்கும் புதிதாக இருந்திருக்காது. இஞ்சி சூடு, பச்சைப்பயறு குளிர்ச்சி, கோழி சூடு என்பவற்றில் இரண்டு மரபும் ஒன்றுபடுகின்றன. ஆட்டுக்கறியில் பிரிகின்றன. சீனர்களுக்கு அது கடும் சூடு. தமிழ் நூல்கள் வெள்ளாட்டுக் கறியை முக்குற்றமும் தணிக்கும் பத்தியக் கறியாக ஏற்கின்றன. குளிர்காலத்தில் பனி பெய்யும் ஊரிலும் தை மாதத்திலும் வெயிலடிக்கும் ஊரிலும் ஒரே கறிக்கு ஒரே குணம் வாய்க்காததில் வியப்பில்லை.

நெல்லைச் சீமையின் வீடுகளில் இந்தக் கல்வி ஏடில்லாமல் நடந்தது. வீரியம், பிரிவு என்ற சொற்களைக் கேள்விப்படாத பெண்கள்தான் சூடு, குளிர்ச்சி, வாய்வு, பித்தம், மந்தம் என்ற ஐந்தாறு சொற்களை வைத்துக்கொண்டு அதை நடத்தினார்கள். வாழைக்காயும் உருளைக்கிழங்கும் வாய்வு. அதனால் கூடவே பூண்டும் பெருங்காயமும். உளுந்தங்களிக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு இடுப்பு வலுக்க அதுதான் முதல் சாப்பாடு. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் தயிரும் பகல் தூக்கமும் கிடையாது. மிளகு ரசம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலியை வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை கிண்டிய லேகியம். காலையில் நெல்லிக்காய் அளவு உருண்டை. கைக்குழந்தைக்கு உரைமருந்து: வசம்பைச் சுட்டு, கடுக்காய், சாதிக்காய், மாசிக்காய், சுக்கு ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டுக் கல்லில் இரண்டு மூன்று இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவது. குழந்தைக்கு மந்தமா, மாந்தமா என்பதை அதன் மலத்தின் நிறத்தையும் வாடையையும் வைத்துப் பாட்டி தீர்மானிப்பாள். எண்வகைத் தேர்வில் ஏழாவது அது. அவளுக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. இவற்றில் எல்லாமே நல்லது என்று சொல்லிவிடமுடியாது. பேறுகாலப் பெண்ணுக்குக் குளிர்ச்சி என்று தண்ணீரையும் பழத்தையும் மறுத்த வீடுகள் ஏராளம். அவள் தாகத்தோடு கிடந்ததும் அதே கணக்கின் பெயரால்தான்.

வைத்தியர் விதிக்கும் பத்தியம் இதைவிடக் கடுமை. இச்சாபத்தியத்தில் புளி, புகையிலை, பெண்போகம் போன்றவற்றை விலக்கினால் போதும். பாதரசம், தாளகம், பாடாணம் சேர்ந்த மருந்துக்குக் கடும்பத்தியம்: உப்பில்லை, புளியில்லை, சில நேரம் உப்பை வறுத்துச் சேர்க்க மட்டும் அனுமதி. அகத்திக்கீரையும் பாகற்காயும் மருந்தை முறிக்கும் என்பதால் எந்தப் பத்தியத்திலும் அவற்றுக்கு இடமில்லை. கத்தரிக்காயும் கருவாடும் தோல் நோய்க்காரருக்கு ஆகாது. மருந்து முடிந்த பிறகும் அதே எண்ணிக்கை நாட்களுக்கு மறுபத்தியம். ஏமாற்று வைத்தியருக்குப் பத்தியம் ஒரு கேடயமாகவும் இருந்தது: குணமாகவில்லை என்றால் நோயாளி ரகசியமாக எதையோ தின்றுவிட்டான் என்று சொல்லிவிடலாம்.

இந்த அறிவைச் சுமந்தவர்கள் ஒரே சாதியைச் சேர்ந்தவர்கள் அல்ல. மருத்துவர் எனப்பட்ட நாவிதர் குடும்பங்களில் ஆண்கள் ரணமும் பெண்கள் பிரசவமும் பார்த்தார்கள். பண்டாரம், நாடார், வேளாளர், இஸ்லாமியர் என்று பல வீடுகளில் வாகடம் எனப்படும் வைத்தியச் சுவடிகள் இருந்தன. வெளியே பெயர் பெற்றவர்களில் முதன்மையானவர் இந்த வட்டாரத்தின் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். சுருளி மலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மருந்து முறை கற்று, தஞ்சாவூரில் குடியேறி, குருவின் பெயரிலேயே சஞ்சீவி மருந்துகள் தயாரித்து விற்றார். அந்த வருமானம்தான் 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் என்ற பெரும் இசைநூலுக்கு முதல் ஆனது. இசை உலகம் அவரைக் கொண்டாடும் அளவுக்கு வைத்திய உலகம் அவரை நினைப்பதில்லை.

கும்பினி அரசு முதலில் இந்த மரபைச் சரக்குப் பட்டியலாகவே பார்த்தது. ஒயிட்லா ஐன்ஸ்லி 1813இல் சென்னையில் அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில் தமிழ்ப் பெயர்களும் தமிழ் வைத்தியச் சுவடிகளின் பட்டியலும் இருக்கின்றன. நாடியும் பத்தியமும் அதில் முக்கியமல்ல. நூறு ஆண்டு கழித்து நிலைமை மாறியது. சென்னை மாகாண அரசு 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்து நாட்டு வைத்தியர்களிடம் வாக்குமூலம் வாங்கியது. குழுவின் அறிக்கை 1923இல் வந்தது. அதன் விளைவாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. பள்ளி என்றால் பாடப்புத்தகம் வேண்டும். சாம்பசிவம் பிள்ளை 1931 முதல் தன் சித்த மருத்துவ அகராதியை வெளியிடத் தொடங்கினார். காவல்துறையில் வேலை பார்த்தவர் அவர். முருகேச முதலியாரின் குணபாடம் மூலிகைகளை வரிசைப்படுத்தியது. சண்முகவேலுவின் நோய் நாடல் நூல் எண்வகைத் தேர்வையும் நெய்க்குறியையும் அத்தியாயங்களாக்கியது. ஆசான் கைபிடித்துக் கற்றுத்தந்ததைத் தேர்வுத்தாளில் எழுதும் காலம் அப்படி வந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தென்மாவட்டத்துச் சித்த மருத்துவர்களில் பெரும்பகுதியினர் அதன் மாணவர்கள். 1970இல் இயற்றப்பட்ட இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம் பட்டமும் பதிவும் இல்லாமல் வைத்தியம் பார்ப்பதற்கு வரம்பு கட்டியது. பரம்பரை வைத்தியர்கள் மெல்லக் குறைந்தார்கள். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் வந்தது. அடுத்த ஆண்டு சிக்குன்குனியா பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கபசுரக் குடிநீரும் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. யூகி வகுத்த சுர வகைகளில் ஒன்றான கபசுரம் என்ற ஏட்டுச் சொல் பேருந்து நிலையத்துப் பதாகைக்கு வந்ததும் அப்போதுதான். நாடி பார்க்காமல் ஊருக்கெல்லாம் ஒரே குடிநீரை ஊற்றிக் கொடுத்தது மரபுக்கு நேர் எதிரான செயல் என்பதை அந்த அவசரத்தில் பெரிதாக யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இன்றைய கல்லூரி மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பேட்டில் நாடி, நா, நிறம், நீர்க்குறி, நெய்க்குறி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. அதே தாளில் ரத்தச் சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் கட்டங்கள் உண்டு. முடிவு பெரும்பாலும் பின்னதை வைத்தே எடுக்கப்படுகிறது. நாடி நடையைக் கருவியால் பதிவுசெய்யும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஒன்று, அரை, கால் என்ற விகிதத்தை இன்னும் எந்தக் கருவியும் ஐயமறக் காட்டவில்லை. பத்தியத்தில் உப்பும் புளியும் குறைக்கச் சொல்வதோடு பல மருத்துவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். உலோக, பாடாண மருந்துகளுக்கு மட்டும் பழைய கண்டிப்பு மிஞ்சியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் பேறுகால லேகியப் பொடியும் உரைமருந்துச் செட்டும் பொட்டலமாகத் தொங்குகின்றன. வாங்கிப்போகும் வீட்டில் எது சூடு, எது குளிர்ச்சி என்பதை யாரும் கடைக்காரரிடம் கேட்பதில்லை.